ரெண்டு குச்சி... மூணு வாரம்... ஒரு சேப்பங்கிழங்கு!

சேப்பங்கிழங்கு ஓடும். பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன்.

2019 அக்டோபர். ஜப்பானில் நகோயாவுக்குப் பக்கத்தில் ஒரு ஃபாக்டரி கேன்டீன். மத்தியானம் பன்னிரண்டேகால். என் கையில் இரண்டு குச்சிகள். கிண்ணத்தில் சோயா சாஸில் வெந்த நாலு சேப்பங்கிழங்கு. உருண்டை உருண்டையாக, வழவழவென்று. முதலாவதைக் குச்சிகளுக்கு நடுவில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினேன். அது 'ப்ளக்' என்று துள்ளி மேஜையில் விழுந்து, உருண்டு போய், எதிரே உட்கார்ந்திருந்த டிபார்ட்மென்ட் தலைவரின் சூப் கிண்ணத்தில் முட்டி நின்றது. நாலு சொட்டு சூப் அவருடைய வெள்ளைச் சட்டையில்.

மனுஷர் கோபப்படவில்லை. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து லேசாகத் தலையைக் குனிந்தார். சட்டையை நாசம் பண்ணியது நான். தலை குனிந்தது அவர்! ஜப்பானில் இதுதான் பெரிய தொல்லை. நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்று இருக்கும்.

பி.காம். படித்தவனுக்கு ஜப்பானில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அப்போது நான் ஒரகடம் பக்கம், கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் காஸ்டிங் பிரிவில் இருந்தேன். தாய்க் கம்பெனி ஜப்பானில். அவர்கள் கணக்கு வைக்கும் முறையை மூன்று வாரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வர ஓர் ஆள் வேண்டும். சீனியர் ஒருவருக்கு மகள் கல்யாணம். இன்னொருவருக்குப் பாஸ்போர்ட் காலாவதி. மிச்சம் இருந்தவன் நான். 'திறமைக்குக் கிடைத்த வாய்ப்பு' என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

அப்பா போய் எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. "வருஷம் திரும்பறதுக்குள்ள கடல் தாண்டணுமா?" என்று பெரியப்பா முணுமுணுத்தார். அம்மாதான், "அவர் இருந்தா மொத ஆளா ஏர்போர்ட்டுக்கு வந்திருப்பார். நீ போயிட்டு வாப்பா" என்று பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், வறுத்த வேர்க்கடலை எல்லாம் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். இந்த வேர்க்கடலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

கேன்டீனுக்கு வருவோம். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம் முக்கால் மணி. எங்கள் பிரிவில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒன்றாகக் கைகூப்பி, 'இததாகிமாஸ்' என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட ஆரம்பிப்பார்கள். பத்தே நிமிஷத்தில் ஏழு பேர் முடித்துவிடுவார்கள். எட்டாவது ஆள் குச்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். அவன் முடிக்கிறவரை ஏழு பேரும் எழுந்திருக்கமாட்டார்கள். தட்டையும் பார்க்கமாட்டார்கள், ஜன்னலைப் பார்ப்பார்கள், காலண்டரைப் பார்ப்பார்கள். அந்த ஏழு பேர் என்னைப் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு இருக்கிறதே... பாதிச் சாப்பாட்டில், "போதும், வயிறு நிறைந்துவிட்டது" என்று எழுந்துவிடுவேன். சாயங்காலம் நாலு மணிக்கு வயிறு கேள்வி கேட்கும்.

மூன்றாம் நாள் வெட்கத்தை விட்டு, பரிமாறுகிற அம்மாவிடம் சைகையில் ஸ்பூன் கேட்டேன். கொடுத்தார். நாலாம் நாள் நான் கேட்காமலே என் தட்டில் ஒரு ஸ்பூன் தயாராக இருந்தது. சின்ன ஸ்பூன். ரோஸ் கலர். பிடியில் ஒரு பூனைக்குட்டி சிரித்துக்கொண்டிருந்தது. குழந்தைகள் ஸ்பூன்! அந்த அம்மா பாவம், அன்பாகத்தான் வைத்திருப்பார். முப்பது வயசு ஆம்பிளை, எட்டு வருஷ சர்வீஸ், பூனைக்குட்டி ஸ்பூன். அன்று சாயங்காலம் முடிவு பண்ணினேன். ஊருக்குத் திரும்புவதற்குள் குச்சியால் சாப்பிடக் கற்றுக்கொள்ளாவிட்டால் நான் எங்கப்பன் பிள்ளை இல்லை.

அப்பா என்றதும் ஒன்று சொல்லவேண்டும். மன்னார்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை. கையால் சாப்பிடுவதை ஒரு கலையாகவே வைத்திருந்தார். ரசம் சாதம் சாப்பிட்டாலும் உள்ளங்கை நனையாது. விரலின் இரண்டாவது கணுவைத் தாண்டிச் சோறு ஏறக் கூடாது. சின்ன வயதில் நான் பிசைந்து அளைந்தால், "என்னடா, சிமென்ட் கலக்கறியா?" என்று புறங்கையில் ஒரு தட்டு விழும். கையால் சாப்பிடுவது தானாக வந்துவிட்ட சமாசாரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை ஸார். யாரோ அடித்துத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நமக்கு மறந்துபோச்சு.

எனக்குக் குச்சி சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பிரிவிலேயே இருந்த ஒரு பெரியவர். ரிட்டயர் ஆகி மறுபடியும் வேலைக்கு வந்தவர். மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்கேல். நம்ம ஊர் ஹெட் கிளார்க் ஒருவரை ஜப்பானில் கொண்டுபோய் வைத்தாற்போல இருப்பார். இங்கிலீஷில் அவருக்கு வினைச்சொல் வராது. எனக்கு ஜப்பானிய மொழியில் எந்தச் சொல்லும் வராது. நன்றாகவே பேசிக்கொண்டோம்.

முதல் நாள் சாப்பாட்டைத் தொடவே விடவில்லை. இரண்டு பென்சில்.

கீழ்ப் பென்சிலைக் கட்டை விரலின் அடியில் இருக்கும் பள்ளத்தில் படுக்க வைத்து, மறுபக்கத்தை மோதிர விரலின் மேல் சாய்த்தார். "இவர் தூங்குகிறார்" என்றார். மேல் பென்சிலை, எழுதுவதற்குப் பிடிப்போமே அதே மாதிரி கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரலுக்குள் வைத்தார். "இவர் வேலை செய்கிறார்."

அவ்வளவுதான் தொழில் ரகசியம்! நான் நாலு நாளாக இரண்டு குச்சியையும் கத்தரிக்கோல் மாதிரி சேர்த்து ஆட்டிக்கொண்டிருந்தேன். கீழே இருப்பது அசையவே கூடாது. மேலே இருப்பது மட்டும் ஏறி இறங்க வேண்டும். கீழே இருப்பவர் தூங்குவார், மேலே இருப்பவர் உழைப்பார். எங்கள் ஒரகடம் ஆபீஸில் இதற்கு நேர் தலைகீழ் என்பதால்தான் எனக்குப் புரிய இவ்வளவு நாள் ஆயிற்று. காமர்ஸ் படித்தவர்களுக்காக இன்னொரு விதமாகவும் சொல்லலாம்: கீழே ஃபிக்ஸட் அசெட், மேலே கரன்ட் அசெட்.

இன்னும் இரண்டு விஷயம். குச்சிகளின் நுனி ஒன்றுக்கொன்று சமமாக இருக்கவேண்டும். ஒன்று நீண்டு ஒன்று குறைந்தால் எதுவும் பிடிபடாது. இரண்டாவது, நுனியில் பிடிக்காமல் நடுவுக்கு மேலே தள்ளிப் பிடிக்கவேண்டும். பயந்தவன் நுனிக்குக் கிட்டத்தில் பிடிப்பான், பிடி நிற்காது. ரொம்ப முக்கியமாக, இறுக்கக் கூடாது. சேப்பங்கிழங்கு ஏன் ஓடியது? நான் அழுத்தியதால் ஓடியது.

ராத்திரி ஹோட்டல் ரூமில் அம்மாவின் வேர்க்கடலையை டீ கப்பில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு கப்பில் போடுவேன். கப்பில் விழுந்தால் விட்டுவிடவேண்டும், தரையில் விழுந்தால் தின்னலாம் என்று எனக்கு நானே ஒரு சட்டம். முதல் ராத்திரி நிறையத் தின்றேன். அப்போது பார்த்து அம்மா போன்.

"சாப்டியாப்பா?"

"சாப்டேம்மா."

"என்ன போட்டாங்க?"

"சேப்பங்கிழங்கு."

"அங்கயும் சேப்பங்கிழங்கா! வறுவலா?"

"இல்லம்மா, ஓட்டப்பந்தயம்."

விஷயத்தைச் சொன்னதும், "ஏம்ப்பா, யாரும் பாக்காதப்ப கையால ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்க வேண்டியதுதானே?" என்றாள். எங்கே பார்க்காமல் இருக்கிறார்கள்? பார்க்காத மாதிரி இருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் கையால் சாப்பிடக் கூடிய சமாசாரமும் அங்கே உண்டு. சோற்று உருண்டையைக் கடல்பாசியில் சுற்றி 'ஒனிகிரி' என்று கடையில் விற்பார்கள். கையில் வைத்துக் கடிக்கவேண்டியதுதான். சூஷியைக் கையால் எடுத்துச் சாப்பிட்டாலும் தப்பில்லை. பெரியவர்தான் சொன்னார். கேட்டதும் சொந்த ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். சோற்றை எப்படி ஐயா குச்சியால் சாப்பிடுவது, ஒவ்வொரு பருக்கையாகவா? அதுதான் இல்லை. அவர்கள் அரிசி வேறு. குட்டையாக, உருண்டையாக இருக்கும். அமிலோஸ் என்று ஒரு மாவுச்சத்து அதில் குறைவு என்பதால், வெந்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். குச்சியால் ஒரு கட்டியாகவே தூக்கலாம். நம்ம பொன்னி மாதிரி 'உதிரி உதிரியா இருக்கணும்' என்று அங்கே யாரும் மாப்பிள்ளை வீட்டாரிடம் பெருமை பேச முடியாது. போதாததற்குக் கிண்ணத்தை இடது கையில் எடுத்து வாய்க்குக் கிட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். சூப்பை அப்படியே குடிக்கலாம். இடது கை பந்திக்கு வந்தாலே முகம் சுளிக்கிற வம்சத்தில் பிறந்த எனக்கு, கிண்ணத்தை எடுக்கவே மூன்று நாள் கூசியது.

குச்சிக்குப் பூர்வீகம் சீனா. அன்யாங் அருகே ஷாங் வம்சத்தின் தலைநகரம் இருந்த இடத்தைத் தோண்டியபோது வெண்கலக் குச்சிகள் கிடைத்திருக்கின்றன. சுமார் 3,200 வருஷப் பழசு. ஆரம்பத்தில் அது சாப்பிடுவதற்கே இல்லையாம். கொதிக்கிற பானையில் கைவிடாமல் கறியைப் புரட்டவும் எடுக்கவும்தான். அடுப்படியிலிருந்து மெதுவாகத் தட்டுக்கு வந்திருக்கிறது. அங்கிருந்து கொரியா, வியட்நாம், ஜப்பான் என்று போனது. போன இடத்தில் எல்லாம் ஆள் மாறிவிட்டது. சீனாக்காரர் குச்சி நீளம், நுனி மொண்ணை. மேஜை நடுவில் இருக்கும் பொதுப் பாத்திரத்துக்கு எட்டவேண்டுமே! கொரியாவில் உலோகம், தட்டையாக இருக்கும், வழுக்கும், சோற்றுக்கு ஸ்பூன் தனி. ஜப்பானில் குட்டை, நுனி கூர்மை. மீனில் முள் பார்த்து எடுக்கத் தோது. குச்சிக்கு அங்கே 'ஹாஷி' என்று பெயர். கொஞ்சம் ராகத்தை மாற்றிச் சொன்னால் அதே வார்த்தைக்குப் 'பாலம்' என்று அர்த்தம். முதல் வாரம் நான் தினமும் கேன்டீனில் பாலம் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

ஜப்பானிய வீடுகளில் அப்பா குச்சி, அம்மா குச்சி, பிள்ளை குச்சி என்று ஆளுக்கொன்று தனித்தனி. குழந்தை பிறந்து நூறு நாள் சுமாருக்கு ஒரு சடங்கு உண்டு. நம்ம ஊரில் சோறு ஊட்டுகிற மாதிரிதான். பல் முளைக்காத குழந்தையின் வாயில் குச்சியால் எடுத்துத் தொட்டு வைப்பார்கள். ஆக, நூறாம் நாள் ஆரம்பிக்கிற பாடத்தை முப்பது வயசில் ஆரம்பித்தவன் நான்.

பிடிக்கக் கற்றதும் ஆயிற்றா? இனிமேல்தான் இலக்கணம்! எந்தக் குச்சியை எப்படிச் செய்யக் கூடாது என்று அங்கே ஒரு பெரிய பட்டியலே இருக்கிறது. ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு பெயர். எதை எடுக்கலாம் என்று கிண்ணம் கிண்ணமாகக் குச்சியை அலையவிட்டால் அது 'மயோய்பாஷி'. அதாவது திகைக்கும் குச்சி. எடுத்ததிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டே வந்தால் 'நமிதபாஷி', கண்ணீர்க் குச்சி. (பெயர் மட்டும் கவிதை மாதிரி இருக்கிறது. சொட்டியது என் பேன்ட்டில்.) கிண்ணத்தைக் குச்சியால் இழுக்கக் கூடாது. பொருளைக் குத்தித் தூக்கக் கூடாது. நக்கக் கூடாது. தன் வாயில் வைத்த குச்சியை நேராகப் பொதுப் பாத்திரத்தில் விடக் கூடாது. அதற்கென்று தனிக் குச்சி வைத்திருப்பார்கள். நம்ம பாட்டிமார்கள் 'எச்சில்' என்று ஒரு சொல்லில் முடித்த விஷயம்.

ஒரு தடவை தண்ணீர் குடிப்பதற்காகக் குச்சிகளைச் சோற்றில் நட்டு வைத்தேன். நேராக, ஊதுபத்தி மாதிரி. பெரியவர் சட்டென்று கையை நீட்டி இரண்டையும் பிடுங்கிப் படுக்க வைத்தார். அவர் அவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை. "இறந்தவர் சோறு" என்றார். இறந்தவர்களின் தலைமாட்டில்தான் கிண்ணம் நிறையச் சோறு வைத்து அப்படிக் குச்சி நடுவார்களாம். நாம் தலைமாட்டில் விளக்கேற்றி, மரக்காலில் நெல் வைக்கிறோமே, அதுபோல. "இன்னொன்று இருக்கிறது" என்று ஆரம்பித்தவர், சுற்றிலும் பார்த்துவிட்டு, "சாப்பிடுகிற இடம். வேண்டாம்" என்று நிறுத்திக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

இரண்டாவது வார முடிவில் நூடுல்ஸ் வந்துவிட்டது. (அதை உறிஞ்சிச் சத்தம் போட்டுச் சாப்பிட்டால் குற்றமே இல்லை. நமக்கு இது பிறவிப் பயிற்சி!) மூன்றாவது வாரம் டோஃபு. சோயாப் பாலில் செய்த பன்னீர் மாதிரி, தொட்டாலே உடையும். அதையும் தூக்கிவிட்டேன். கேன்டீன் அம்மா பூனைக்குட்டி ஸ்பூனை வைக்காமல் விட்டார். அன்று எனக்கு இன்க்ரிமென்ட் வந்த சந்தோஷம். அதே வாரம் பெரியவர் என் மேஜைக்கு வந்து, வலது கையை நீட்டச் சொல்லி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக விரிக்கச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து இரண்டு நுனிக்கும் நடுவில் வைத்து அளந்து, ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போய்விட்டார். பாக்டரிக்குள் போக கிளவுஸ் தருவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னால் எனக்குப் பிரிவு விருந்து. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம் (இதில் மட்டும் எனக்குத்தான் முதல் மார்க்). வறுத்த கோழி இறக்கை, மீன் என்று நிறைய வந்தது. கூடவே என் பழைய சிநேகிதன், சேப்பங்கிழங்கு.

எல்லோரும் பார்க்க, ஒன்றை அலாக்காகத் தூக்கினேன். நழுவவில்லை. டிபார்ட்மென்ட் தலைவர்கூடக் கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. குருவுக்குத்தானே முதல் மரியாதை? பக்கத்தில் இருந்த பெரியவர் பக்கம் திரும்பி, "இது உங்களுக்கு" என்று நீட்டினேன். அவர் கையில் குச்சிகள் இருந்தன. அதன் நுனிக்கு நேராக என் குச்சியை, கிழங்கோடு, கொண்டுபோனேன். அவர் பிடித்துக்கொள்வார் என்று.

பேச்சு நின்றுவிட்டது. ஒருவர் தம்ளரை வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே வைத்திருந்தார்.

பெரியவர் தன் குச்சிகளை மெதுவாகக் கீழே வைத்தார். தன்னுடைய சின்னத் தட்டை இரண்டு கையாலும் எடுத்து, என் குச்சிக்குக் கீழே பிடித்தார். நான் விட்டேன். கிழங்கு தட்டில் விழுந்தது. "நன்றி" என்று தலை குனிந்துவிட்டு அதைச் சாப்பிட்டார். பிறகு யாரோ கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்டார்கள். ஜப்பானில் கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனுக்கு நடக்கும்போது அவரிடம் கேட்டேன். கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். அப்புறம் சொன்னார், வினைச்சொல் இல்லாத அந்த இங்கிலீஷில்.

அங்கே இறந்தவர்களை எரிப்பதுதான் வழக்கம். எரிந்து முடிந்ததும் குடும்பத்தார் சுற்றி நிற்பார்கள். ஒவ்வோர் எலும்பையும் இரண்டு பேர் சேர்ந்து, ஆளுக்கொரு ஜோடிக் குச்சியால் பிடித்துக் கலயத்தில் வைப்பார்கள். காலிலிருந்து ஆரம்பித்துத் தலையில் முடிப்பார்கள், கலயத்துக்குள் அவர் தலைகீழாக இல்லாமல் நேராக இருக்கவேண்டுமே என்று. கடைசியில் கழுத்து எலும்பு ஒன்று. பார்க்கப் புத்தர் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். இரண்டு ஜோடிக் குச்சிகள் ஒரே பொருளைத் தொடுவது வாழ்க்கையில் அந்த ஓர் இடத்தில்தான். அதனால்தான் சாப்பாட்டில் கூடவே கூடாது.

"என் மனைவி. இரண்டு வருஷம்" என்றார். "நானும் மகனும். மகன் கை நடுக்கம்."

எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு, "எங்கப்பா. எட்டு மாசம்" என்றேன். நான் எப்படி எடுத்தேன் என்று சொன்னேன். மறுநாள் காலையில் போனோம். பாலும் தண்ணீரும் தெளித்தோம். மயானத்தில் வேலை செய்கிறவர் சாம்பலை விலக்கி, 'இதை எடுங்க தம்பி, இதை எடுங்க' என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் எடுத்து மண் கலயத்தில் போட்டேன். பூம்புகார் கடலில் கரைத்தோம்.

"எதால்?" என்று கேட்டார் பெரியவர்.

"கையால்."

நின்றுவிட்டார். "கையால்... சூடு இல்லையா?"

"இருந்தது" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். அவர் பிளாட்பாரம் வேறு, என் பிளாட்பாரம் வேறு. ரயில் வருகிற வரைக்கும் என்னோடுதான் நின்றார். சேப்பங்கிழங்கைப் பற்றி நான் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, அவர் கேட்க விடவும் இல்லை.

கடைசி நாள் என் மேஜைமேல் ஒரு நீளமான பெட்டி இருந்தது. உள்ளே ஒரு ஜோடிக் குச்சி. கறுப்பு அரக்கு, அதற்குள் சிப்பித் துணுக்குகள் மினுமினுப்பு. ஒபாமா என்ற கடலோர ஊரில் செய்தது. (சத்தியமாக ஊர்ப் பெயர்தான். 2008 அமெரிக்கத் தேர்தலில் அந்த ஊர்க்காரர்கள் பெயருக்காகவே கொடி பிடித்திருக்கிறார்கள்! ஜப்பானின் அரக்குக் குச்சிகளில் பெரும்பகுதி அங்கேதான் தயாராகிறது.) பெட்டிக்குள் அந்தத் துண்டுக் காகிதமும் இருந்தது. விரித்த இரண்டு விரலுக்கு இடையே உள்ள தூரம், அதைப் போல ஒன்றரை மடங்கு; ஒருவர் கைக்கு ஏற்ற குச்சியின் நீளம் அதுதானாம். பெருக்கல் கணக்கைப் பென்சிலில் போட்டு, கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார். கணக்குப்பிள்ளைகள் எல்லா ஊரிலும் ஒரே ஜாதி.

அந்த வேலையை விட்டு, எழுதுவதே பிழைப்பு என்றான பிறகும் அந்தப் பெட்டி என் அலமாரியில்தான் இருக்கிறது. ஒரு தடவை அம்மா அதை எடுத்து அப்பளம் பொரிக்கப் போய், நான் அலறி, வீட்டில் அரை நாள் பேச்சுவார்த்தை இல்லை. போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "எங்க, சாப்பிட்டுக் காட்டு பாப்போம்" என்றாள். பொன்னி அரிசிச் சாதம். நாலு பருக்கை ஏறியது; மூன்று விழுந்தது.

"இந்தக் கணக்குல போனா தீபாவளிக்குள்ள முடிச்சுருவியா?"

"நீ பிடிச்சுப் பாரேன்."

வாங்கினாள். கீழே இருப்பது தூங்கும், மேலே இருப்பது வேலை செய்யும் என்று சொல்லிக் கொடுத்தேன். அறுபது வருஷம் இடுக்கி பிடித்துக் கொதிக்கிற பாத்திரம் இறக்கிய கை. மூன்றாவது தடவையே தட்டிலிருந்த சேப்பங்கிழங்கு ரோஸ்ட்டில் ஒன்றைக் கப்பென்று தூக்கிவிட்டாள். தூக்கி, "இந்தா" என்று என் பக்கம் நீட்டினாள்.

நான் தட்டை இரண்டு கையாலும் எடுத்து, அதற்குக் கீழே பிடித்தேன்.

"கையை நீட்டினா ஆகாதா? தட்டு எதுக்குடா?" என்றாள் அம்மா.